பவர் இல்லாத நிற லென்ஸ்: சென்ற பதிவின் புதுப்பிப்பு

தங்கையின் திருமண வரவேற்புக்குச் கண்ணில் அணியும் சாம்பல் நிறக் கான்டாக்ட் லென்ஸ் வாங்க எண்ணி, பவர் இல்லாததற்கும் கண் பரிசோதனை தேவையா என்று சென்ற பதிவில் கேட்டிருந்தேன். தேவை என்பதே இராயபுரத்தில் கிடைத்த விடை.

பரிசோதகர் முதலில் அளந்தது கண்ணின் முன்புறத்துத் தெளிந்த உறையான கார்னியாவின் வளைவை. கார்னியாவில் இரத்த நாளங்கள் இல்லை. விழித்திருக்கும்போது ஆக்சிஜனைக் கண்ணீர்ப் படலத்தின் வழியே காற்றிலிருந்துதான் பெறுகிறது. அந்தப் படலத்தின் மீது மிதக்கவேண்டிய லென்ஸ் இறுகினால் கண்ணீர் ஓட்டம் தடைப்படும். தளர்ந்தால் நழுவி உரசும். ஆகவே பவர் பூஜ்யமாக இருந்தாலும் வளைவும் விட்டமும் கண்ணுக்குப் பொருந்தவேண்டும். எம்.சி. ரோட்டில் வளையலோடு சேர்த்து வாங்கிவிடும் பொருளன்று இது. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அலங்கார லென்ஸ்களையும் மருத்துவச் சாதனங்களாகவே வகைப்படுத்தியது.

இந்த லென்ஸில் நிறமி வளையமாக அச்சிடப்பட்டு, பார்ப்பதற்காக நடுப்பகுதி தெளிவாக விடப்படுகிறது. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி அந்தத் தெளிந்த வட்டத்தையும் தாண்டி விரிந்தால், நிறமி பார்வையின் குறுக்கே வந்து காட்சி கலங்குமாம். இரவில் வண்டி ஓட்டுவோர் கவனிக்கவேண்டியது இது.

லென்ஸைக் குழாய்த் தண்ணீரிலோ லாரித் தண்ணீரிலோ கழுவவே கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். அகந்தமீபா என்னும் நுண்ணுயிரி அதில் இருந்தால் கார்னியாவில் கடும் தொற்றை உண்டாக்கும். அக்கா தங்கையானாலும் ஒருவர் லென்ஸை மற்றவர் அணியக்கூடாது. ஒருநாள் மட்டும் அணிந்து எறியும் வகையையே வாங்கியிருக்கிறோம். ஒப்பனைக்கு முன்பே லென்ஸை அணியும்படி அழகுக்கலைஞரிடமும் சொல்லியாயிற்று.