இங்கிலாந்தில சின்னக் கிராமம்: களவு, அடிதடி எப்படி?

வாவிக்கரை (களுவாஞ்சிகுடி):
தங்கச்சி பராமரிப்பு வேலைக்கு இங்கிலாந்துக் கிராமம் ஒண்டுக்குப் போறா. வீடு வாடகைக்கு எடுக்க முதல் அந்த இடத்துக் குற்ற நிலவரத்தை இங்க இருந்தே பார்க்கலாமா?

படுவான்கரை:
பார்க்கலாம், காசும் இல்லை. பொலிஸ் டொட் யூகே தளத்தில போஸ்ட்கோடைப் போடுங்க, மாதவாரியா வரைபடம் வரும். ஒரு மாதத்தை நம்பாம 12 மாதமும் பாருங்க. 300 பேர் ஊரில மூணு களவு கூடினாலே ஆயிரம் பேருக்கு 10 எண்டு வீதம் ஏறிரும். வரைபடத்தில புள்ளி நிக்கிறது குற்றம் நடந்த வாசலும் இல்லை. வீடு அடையாளம் தெரியக்கூடாதெண்டு பக்கத்துப் பொதுப் புள்ளிக்குத் தள்ளிப் போடுவாங்க. 'வன்முறை, பாலியல் குற்றம்' ஒரே வகை. காயமில்லாத அடிதடியும் அதுக்குள்ளதான், பார்த்துப் பயப்படாதீங்க.

கல்லடிப்பாலம்:
அங்க கிராமத்தில ஆளை விட சாமானுக்குத்தான் கண். வீடு சூடாக்கிற எண்ணெய், கொட்டிலில விட்ட சைக்கிள், வேலை ஆயுதம். பிளாஸ்டிக் கதவில சிலிண்டர் பூட்டு வெளிய துருத்தி நிண்டா முறிச்சிருவாங்க. டீஎஸ் 007 (அங்கத்தைய பூட்டுத் தரக்குறி), மூணு நட்சத்திரம் பொறிச்ச சிலிண்டரா எண்டு வீட்டுக்காரரைக் கேளுங்க.

வாவிக்கரை:
நம்ம 119 மாதிரி நம்பர்?

படுவான்கரை:
உயிராபத்து, களவு நடந்துகொண்டிருக்கு எண்டா 999. முடிஞ்ச களவுக்கு 101, இலவசம். குற்ற இலக்கத்தை வாங்கி வைங்க, காப்புறுதிக்காரர் அதைத்தான் கேட்பாங்க.

கல்லடிப்பாலம்:
மார்கழியில பின்னேரம் 4 மணிக்கே இருட்டிரும், தெருலைட் இல்லாத ஊரும் இருக்கு. கடைசி பஸ் நேரத்தையும் பாருங்க.