14 மணி நேர விமானம், அப்புறம் இன்னொன்று: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்களேன்

திருமண நாளுக்கு நானும் வீட்டுக்காரரும் வெளிநாடு போகிறோம். முதல் விமானமே 14 மணி நேரம், அப்புறம் இன்னொன்று. தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் மலிவுதான், ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் பொதுவாக அந்தச் செலவு நம் தலையில்தான், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் அங்கே விசாவும் கேட்கலாம் என்பதால் ஒரே டிக்கெட்டே மேல் என்கிறேன், அவர் கேட்பதாக இல்லை. தனித்தனியாகப் போனவர்கள் இடையில் எத்தனை மணி நேரம் விட்டீர்கள்?

அவருக்கு உட்கார்ந்தாலே கால் வீங்கும். டாக்டர் முழங்கால் வரை இறுக்கமான காலுறை போடச் சொன்னார். ஓரத்து இருக்கை போதுமா, அவசர வழிப் பக்கம் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கிழக்கே போவதால் தூக்கம் குழம்புவது இன்னும் அதிகமாம். இறங்கிய அன்றே விருந்து வைக்கலாமா, மறுநாளா?