வைல்ட்கேட்டுக்குத் தரை கிடையாது: கையால் கட்டுவதா, வாங்கி ஒட்டுவதா?

கால்மில்லி

"பெட்டியில வந்த காக்பிட்டை அப்படியே ஒட்டுங்க, மூடின பிறகு எவன் பார்க்கப் போறான்" என்று இந்த மாடல் மன்றத்தில் பெட்டிபோதும் என்ற உறுப்பினர் போன வாரம் ஒரு புதியவருக்குச் சொல்லியிருந்தார். நிறைய விமானங்களுக்கு அது சரிதான். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கக் கடற்படைப் போர்விமானமான வைல்ட்கேட்டின் 1/48 (நிஜ அளவில் 48-ல் ஒரு பங்கு) மாடலுக்குச் சரிப்படாது.

வைல்ட்கேட்டின் எஃப்4எஃப்-4 வகையின் காக்பிட்டில் தரை என்று ஒன்று இல்லை. இருக்கையிலிருந்து ரடர் (வால் சுக்கான்) பெடல் வரை காலுக்கு ஒன்றாக இரண்டு கால்வாய்த் தகடுகள் போகும், அவ்வளவுதான். அவற்றுக்கு நடுவிலும் பக்கத்திலும் வெற்றிடம். பைலட் குனிந்தால் விமானத்தின் வயிறு தெரியும். அந்த வயிற்றில், இறக்கைக்குக் கீழே, சின்ன ஜன்னல்கள் வேறு உண்டு. டாமியா நிறுவனத்தின் 1990-கள் கிட் (பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மாடல் தொகுதி) பொருத்தத்தில் இன்றைக்கும் வெண்ணெய் மாதிரி. ஆனால் அதில் சுவருக்குச் சுவர் தரை போட்டு மூடியிருக்கிறது.

தரையை எடுக்கும் முறை: பின்னால் இருக்கை நிற்கும் பகுதியையும், முன்னால் பெடல் நிற்க 3 மி.மீ. பட்டையையும் விட்டுவிட்டு நடுவை அறுத்து எடுங்கள். அறுக்கும் முன்பே பெடல்களின் நடு தூரத்தைக் கிட்டிலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள், அறுத்த பிறகு அளக்க இடம் இருக்காது. கால்வாய்க்கு அடித்தகடு 0.25 மி.மீ. ஸ்டைரீன் (மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்), ஓரச்சுவர் 0.13 மி.மீ. ஓரச்சுவரை ஒட்டும்போது பசையைத் தூரிகை நிறைய எடுத்தால் 0.13 ஷீட் அலையலையாக நெளிந்துவிடும். பசைப் புட்டியின் வாயில் தூரிகையைத் துடைத்துவிட்டு, மூட்டின் ஒரு முனையில் மட்டும் தொடுங்கள். மிச்ச தூரத்துக்குப் பசை தானே ஓடும்.

பெட்டிபோதும்

என் பேரைச் சொல்லி ஆரம்பிச்சதால வந்தேன். தரை இல்லைங்கிறது உண்மை, அதை மறுக்கல. கணக்கை மட்டும் பார்ப்போம்.

1/48-ல காக்பிட் வாய் கட்டைவிரல் நகம் அளவு. அதுக்குள்ள இருக்கை, கண்ட்ரோல் ஸ்டிக், மேல துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவி. மிச்சமிருக்கிற சந்துல தெரியறது இருட்டு. உள்ள அடிக்கிற பச்சையே கரும்பச்சை. கிட் தரையைக் கறுப்பு அடிச்சு, கால்வாய் ரெண்டை மட்டும் 0.25 ஷீட்ல வெட்டி மேல ஒட்டிட்டா, ஒரு அடி தள்ளி நிக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பதினஞ்சு நிமிஷ வேலை.

இன்னொண்ணு. "அளவுக்குச் சரியா" செய்றோம்னு சொல்றீங்க. உங்க 0.13 ஷீட்டை 48-ஆல பெருக்குங்க. ஆறு மில்லிமீட்டருக்கு மேல வரும். நிஜ விமானத்துல அந்த இடத்துல இருக்கிறது மெல்லிய அலுமினியத் தகடு. நீங்க கால் வைக்கிற தகட்டையே கவச பிளேட்டா மாத்திட்டீங்க.

ரெசின்ராசா

ரெண்டு பேரும் 2005-லயே நின்னுட்டீங்க. 2022-ல எடுவார்ட் கம்பெனி புது அச்சுல வைல்ட்கேட் போட்டாச்சு, அதுல தரை இல்லாமத்தான் வருது. டாமியா கிட் ஏற்கெனவே அலமாரியில இருந்தா, அதுக்குத் தனியா விக்கிற ரெசின் (வார்த்த பிசின்), த்ரீடி அச்சு செட்டுகள் இருக்கு. சுவர்ல ஒவ்வொரு சுவிட்சும், டிரிம் சக்கரத்தோட ஆரமும் அச்சுல வந்திருக்கும். கையால 0.5 மி.மீ. குமிழ் இருபது செஞ்சா இருபதும் இருபது விதம். எதுக்கு இந்தத் தவம்?

கால்மில்லி

பெட்டிபோதும், உங்கள் பெருக்கல் சரி. ஆனால் தகட்டின் கனத்தைக் கண் எங்கே பார்க்கிறது? விளிம்பில் மட்டும். கால்வாயின் மேல் விளிம்பை உள்பக்கமாகச் சாய்த்து 600 எண் உப்புக்காகிதத்தில் இரண்டு இழுப்பு இழுத்தால் விளிம்பு கத்தி மாதிரி ஆகிவிடும். கனம் உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும்.

கறுப்பு அடித்த தரை ஒன்றுதான் என்பதை ஏற்க முடியாது. மட்டக் கறுப்பும் (பளபளப்பில்லாத கறுப்பு) ஒளியைத் திருப்பி அனுப்பும். டார்ச்சைக் காட்டினால் கால்வாய்க்கு அடியில் ஒரு சமதளம் இருப்பது பளிச்சென்று தெரியும். நிழலை வரைந்தால் அது சாயம்தான், பள்ளம் இருந்தால்தான் நிழல்.

ரெசின்ராசா, ரெசின் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். முதுகுத் தகடே ஏறக்குறைய 1 மி.மீ. இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 2 மி.மீ., நிஜத்தில் 96 மி.மீ. காக்பிட் ஒரு சாண் குறுகாவிட்டாலும் நாலு விரல் குறுகிவிடுகிறது. அதற்காகக் கிட் சுவரைச் சுரண்டச் சொல்வார்கள். சுரண்டல் போதாமல் மூடினால், உடல் இரு பாதியும் மேல் தளத்தில் ஒரு மயிரிழை விலகி நிற்கும். கிளாம்ப் போட்டு இறுக்கிப் பசை விட்டால் அன்றைக்கு மூடும். ஆனால் இழுவிசை உள்ளேயே இருக்கிறது. சாயமெல்லாம் முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகு, கண்ணாடிக்கு முன்னால் சரியாக நடுக்கோட்டில் வெடிப்பு விடும்.

எப்படியும் சுரண்டத்தான் வேண்டும் என்றால், உடலின் உள்சுவரில் தெரியும் விலா எலும்புகளை நாமே ஒட்டிவிடலாமே. கிட் சுவர் 1.2 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைந்த முனைக் கத்தியால் 0.6 வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் வெளியே இருக்கும் பேனல் கோடு ஓட்டையாகும். மோட்டார் கருவியில் செய்தால் குறைந்த வேகத்தில் செய்யுங்கள், வேகம் கூடினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகிச் சுருள்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கே அதிகம் ஊடுருவுகிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும். பிறகு நீளவாட்டு ஸ்டிரிங்கருக்கு (விலாக்களுக்கு இடையே ஓடும் சட்டம்) 0.25 × 0.5 மி.மீ. பட்டை, குறுக்கு விலாவுக்கு 0.25 × 0.75. முதலில் குறுக்கு, பிறகு அவற்றுக்கிடையே துண்டுதுண்டாக நீளவாட்டு. நீளப் பட்டையை முழுசாக ஒட்டி அதன்மேல் விலாவை ஏற்றினால் விலா தூக்கிக்கொண்டு நிற்கும், பின்னால் பேனல் உட்காராது.

ரெசின்ராசா

ரெசின் கனம் பற்றிச் சொன்னது பழைய வார்ப்புக்குச் சரி அண்ணே. த்ரீடி அச்சுல முதுகு 0.4 வரைக்கும் வருது. நான் கேட்ட இருபது குமிழ் விஷயத்துக்குப் பதிலையே காணோமே. டயல் பேனலுக்கு என்ன செய்வீங்க, ஊசியால குத்துவீங்களா?

கால்மில்லி

குமிழ்களில் நீங்கள் ஜெயித்தீர்கள். வாங்கியே ஒட்டலாம். அச்சுத் துண்டை வாங்கினால் ஒன்று கவனியுங்கள்: கழுவாத ரெசின் மேற்பரப்பில் பிசுபிசுப்பு இருந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) பிடிக்காது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, வெயில் காட்டிவிட்டு அடியுங்கள். மெல்லிய லீவர்களைத் தாங்கியிலிருந்து கத்தரிக்கும்போதுதான் பாதி உடைகின்றன. வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்துவிட்டு வெட்டுங்கள்.

பேனல் மட்டும் கையால்தான். அமெரிக்க விமானக் கருவிகளுக்கு இரண்டு பொது அளவு உண்டு: 3⅛ அங்குலம், 2¼ அங்குலம். 1/48-ல் முதலாவது 1.65 மி.மீ., இரண்டாவது 1.19. 1/72 ஆட்கள் 1.1, 0.8 என்று எடுத்துக்கொள்ளலாம். 0.25 ஷீட்டில் ஓட்டை போட்டு, பின்னால் 0.1 மி.மீ. தெளிந்த அசிடேட், அதற்குப் பின்னால் டயல் டெக்கால் (ஒட்டுப்படம்), கடைசியில் வெள்ளை அடித்த ஒரு ஷீட். வெள்ளை இல்லாவிட்டால் டெக்கால் எழுத்துகள் மங்கிப்போகும். ஓட்டைகளை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பேனலின் வெளிவடிவத்தை வெட்டுங்கள். வெட்டிய பேனலில் ஓரத்து ஓட்டையைப் போடப் போனால் ஓரம் பிய்ந்து வரும்.

பச்சைச்சாயம்

ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நிறம் பற்றியும் ஆதாரம் பற்றியும் இரண்டு வார்த்தை.

க்ரம்மன் நிறுவனம் கட்டிய வைல்ட்கேட்டின் காக்பிட் நிறம் ப்ரான்ஸ் கிரீன் (வெண்கலப் பச்சை), கறுப்பை நெருங்கும் பச்சை. இன்டீரியர் கிரீன் புட்டியை எடுக்காதீர்கள். சக்கரக் குழி வெளிவயிற்றின் சாம்பல் நிறம். இணையத்தில் "வைல்ட்கேட் உள்பக்கம்" என்று தேடினால் வரும் படங்களில் பெரும்பகுதி எஃப்எம்-2 என்ற பிந்தைய வகை. அது ஜெனரல் மோட்டார்ஸின் ஈஸ்டர்ன் பிரிவு கட்டியது, எஞ்சினே வேறு: எஃப்4எஃப்-4-ல் இரண்டு வரிசையில் 14 சிலிண்டர், எஃப்எம்-2-ல் ஒரே வரிசையில் 9. வயிற்று ஜன்னலையும் அதில் எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இந்த விமானத்துக்கு விலா ஒட்டினால் உழைப்பு முழுக்க வேறு விமானத்துக்குப் போய்ச் சேரும்.

மிச்சிகன் ஏரியில் பயிற்சியின்போது விழுந்து பிறகு தூக்கப்பட்ட விமானங்கள் இன்னும் நல்ல ஆதாரம். சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தில் நிற்கும் எஃப்4எஃப்-3 அப்படி வந்ததுதான். ஆனால் மீட்டுப் புதுப்பித்த விமானத்தில் சாயம் புதுசு, அமைப்புதான் பழசு. விலாவை அதிலிருந்து எடுங்கள், நிறத்தை எடுக்காதீர்கள்.

பெட்டிபோதும் சொன்ன இருட்டுக்கு மருந்து நிறத்திலேயே இருக்கிறது. ப்ரான்ஸ் கிரீனைப் புட்டியில் உள்ளபடி அடித்தால் 1/48-ல் கரிக்கட்டை. ஐந்தில் ஒரு பங்கு வெளிர்சாம்பல் கலந்து அடித்து, விலா விளிம்பில் மட்டும் இன்னும் வெளிர் பச்சையை உலர்தூரிகையால் தொட்டால், அந்த நகம் அளவு வாய் வழியாகவும் விலா எண்ணலாம்.

பெட்டிபோதும்

நிறம் பத்திச் சொன்னது நியாயம். வயிற்று ஜன்னல் இருக்கிற மாடலுக்குத் தரையை எடுக்கணும்னு ஒத்துக்கிறேன், கீழேயிருந்து வெளிச்சம் வரும்போது பொய்த் தரை காட்டிக்கொடுத்துடும். மேலேயிருந்து பார்த்தா இல்ல, கவிழ்த்துப் பார்த்தா.

அப்போ என் கேள்வி இது. கவிழ்த்துப் பார்க்கிறவன் முதல்ல எதைப் பார்ப்பான்? சக்கரக் குழியை. வைல்ட்கேட்டோட அடையாளமே அதுதான். மோட்டாரும் இல்ல, ஹைட்ராலிக்கும் இல்ல. பைலட் வலது கையால கைப்பிடியை ஏறக்குறைய முப்பது சுத்து சுத்தணும், சங்கிலி வழியா சக்கரம் மேல போகும். கப்பல்ல இருந்து கிளம்பின உடனே ஸ்டிக்கை இடது கைக்கு மாத்திட்டு இதைச் சுத்தறதால விமானம் மேலயும் கீழயும் ஆடும். அந்தச் சங்கிலி, பல்சக்கரம், ஃபயர்வால் (எஞ்சினுக்குப் பின்னால இருக்கிற தடுப்புச்சுவர்), எஞ்சின் தாங்கிக் குழாய், எண்ணெய்க் குழாய் எல்லாம் மூடியே இல்லாம திறந்து கிடக்குது. அங்க ஒரு கம்பியும் போடாம, இருக்கைக்குப் பின்னால மூணு நாள் விலா ஒட்டுற ஆட்களைத்தான் நான் கிண்டல் பண்றேன்.

கால்மில்லி

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க வேண்டாம். முழுக்கச் சம்மதம்.

எதைக் கட்டுவது என்று முடிவெடுக்க ஒரு வழி: உடல் பாதிகளின் உள்ளே மட்டக் கறுப்பு அடித்து, இருக்கையும் பேனலும் வைத்து, டேப்பால் மூடிவிடுங்கள். காக்பிட் வாய், வயிற்று ஜன்னல், சக்கரக் குழி மூன்றின் வழியாகவும் டார்ச் அடித்து, ஊசி முனையால் எட்டிய இடத்தையெல்லாம் கீறிவிடுங்கள். பிரித்துப் பார்த்தால் கீறல் உள்ள இடம்தான் வேலை. கீறல் இல்லாத இடத்தில் விலா ஒட்டுவது சாமிக்குத் தெரியட்டும் என்று செய்வது, அது அவரவர் பக்தி.

சங்கிலிக்கு: 0.75 சதுர மி.மீ. மின்கம்பியை உரித்தால் 0.2 மி.மீ. செம்பு இழைகள் கிடைக்கும். இரண்டை எடுத்துத் துளைக்கருவியின் வாயில் மாட்டி மெதுவாக முறுக்குங்கள். முறுக்கு நெருக்கமாக வேண்டும், ஆனால் இழை துள்ளி மடங்கும் முன்பு நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்து அழுத்தி உருட்டினால் தட்டையாகிக் கண்ணி கண்ணியாகத் தெரியும். அடுப்பில் ஒரு நொடி காட்டி ஆறவிட்டால் செம்பு இளகி, பல்சக்கரத்தைச் சுற்றி நிற்கும்.

குழாய்களுக்கு ஈயக் கம்பி வேண்டாம். வளைக்கச் சுகமாக இருக்கும், ஆனால் மூடிய அறைக்குள் வெள்ளைப் பசையோடு சேர்ந்தால் வெள்ளையாகப் பூத்து ஊதும். செம்போ, ஈயமில்லாத சாலிடர் கம்பியோ போதும்.

புதுக்கத்தி

ஒரு சந்தேகம் அண்ணே. விலா, சங்கிலி எல்லாம் சூப்பர் குளூவில் ஒட்டினேன். மூடிய மறுநாள் வயிற்று ஜன்னல் உள்பக்கம் பால் ஊற்றினது மாதிரி ஆகிவிட்டது. துடைக்கவும் முடியவில்லை. பிரிக்க வேண்டுமா?

கால்மில்லி

சூப்பர் குளூ ஆவி வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் படிந்திருக்கிறது. உடலைப் பிரிக்காதீர்கள். ஜன்னலை வெளியிலிருந்து உள்ளே தள்ளி விழவைத்து, காக்பிட் வாய் வழியாகக் கவிழ்த்து எடுக்கப் பாருங்கள். தரையை அறுத்திருக்கிறீர்கள் அல்லவா, வழி இருக்கும். வராவிட்டால் இடுக்கியால் ஜன்னலை மட்டும் உடைத்து எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் வெள்ளைப் பசையோ கண்ணாடிப் பசையோ படலமாக இழுத்துவிடுங்கள். அவ்வளவு சின்ன ஓட்டைக்கு அது தெளிவாகவே காயும். அதற்கு முன் இரண்டு நாள் காக்பிட்டைத் திறந்தே வையுங்கள், உள்ளே மிச்ச ஆவி இருந்தால் புது ஜன்னலும் பூத்துவிடும்.

பெட்டிபோதும்

தரையை அறுத்ததுக்கு ஒரு பிரயோஜனம் கிடைச்சுது பாருங்க.

ரெசின்ராசா

அந்த ஜன்னலும் செட்டுல வருதுன்னு சொன்னா அடிக்க வருவீங்க. நான் போறேன்.