பிளேட்லெட் கவுண்ட் நம்பலாமா?

கேள்வி: அனலைசர்ல (ரத்த அணுக்களை எண்ணுற மெஷின்) பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற அணு) 40,000னு ரொம்பக் குறைவா வருது, ஆனா பேஷன்ட்டுக்கு ரத்தக்கசிவு எதுவுமே இல்ல, திரும்ப ஓட்டினாலும் அதேதான், கன்ட்ரோலும் (மெஷினைச் சோதிக்க ஓட்டுற, அளவு தெரிஞ்ச சாம்பிள்) காலைல சரியாதான் இருந்துச்சு. ரிப்போர்ட் கொடுக்க பயமா இருக்குங்க, என்ன பண்றது?

பதில் 1: முதல்ல ட்யூப்ல குச்சி விட்டு கட்டி இருக்கான்னு பாருங்க. ரத்தம் எடுத்த உடனே 8-10 தடவை மெதுவா கவிழ்த்து கலக்கலன்னா சின்னதா உறைஞ்சிடும், பாதி தப்பு அங்கதான் நடக்குது.

பதில் 2: கட்டி இல்லன்னா ஸ்மியர் போடுங்க (ஒரு சொட்டு ரத்தத்தை கண்ணாடித் தகட்டுல தேய்ச்சு மைக்ராஸ்கோப்ல பாக்குறது), ஓரத்துல பிளேட்லெட் கொத்து கொத்தா தெரிஞ்சா அது இடிடிஏ (ரத்தம் உறையாம இருக்க ட்யூப்ல இருக்கிற ரசாயனம்) பண்ற வேலை, மெஷின் அந்தக் கொத்தை பிளேட்லெட்டா எண்ணாது, சில சமயம் வெள்ளை அணுவோட சேர்த்து எண்ணி அதையும் ஏத்திவிடும். இடிடிஏக்குப் பதிலா சிட்ரேட்ங்கற வேற உறையாத் திரவம் இருக்கிற ட்யூப்ல புதுசா எடுத்து ஓட்டுங்க, வர்ற நம்பரை 1.1ஆல பெருக்கணும், ஏன்னா அதுல 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். சிலருக்கு அதுலயும் கொத்தும், அதனால அந்த சாம்பிளுக்கும் ஸ்மியர் பாக்காம விடாதீங்க.

பதில் 3: எம்சிஹெச்சியும் (சிவப்பணுக்குள்ள இருக்கிற ஹீமோகுளோபின் அடர்த்தி) பாருங்க. அது 37 g/dL தாண்டினா சாம்பிளை 37 டிகிரில சூடு பண்ணி உடனே ஓட்டிப் பாருங்க, குளிர்ல சிவப்பணு ஒட்டிக்கிட்டிருந்தா சரியாயிடும்.

கேள்வி கேட்டவர்: ஸ்மியர்ல கொத்து தெரியுதுங்க! சிட்ரேட்டுக்கு திரும்ப கூப்பிட்டிருக்கேன், ரிப்போர்ட்டை நிறுத்தி வெச்சிட்டேன்.