ஐசோமெட்ரிக் பழகின கை: பெட்டி பின்னால பெருத்துத் தெரியுது, என்ன செய்யலாம்?

ஜிக்_கோவை:
வணக்கம்ங்க. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு, கோவை கணபதியில ஜிக்ஸ் அண்ட் ஃபிக்ஸ்சர் (மெஷின்ல வேலைப் பொருளைப் பிடிச்சு வைக்கிற சாதனம்) பண்ற கம்பெனியில டிசைன்ல இருக்கேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர்லதான் டிராயிங். ஆனா மெஷின் பக்கத்துல நின்னு ஃபிட்டர் அண்ணன்கிட்ட ஒரு ஐடியாவ விளக்கணும்னா கையால வரைஞ்சு காட்டணும். அங்கதான் மானம் போகுது.

கோடு நடுங்குது. வட்டத்தைச் சாய்ச்சு வரைஞ்சா ரெண்டு முனையும் கூராயிடுது. பெட்டிதான் பெரிய தொல்லை. ஐசோமெட்ரிக்ல பக்கக் கோடெல்லாம் 30 டிகிரி சாய்வுல பேரலலாப் போகும், அது பழகி கை தானா 30 டிகிரிக்கே போகுது. எட்ஜ் எல்லாம் பேரலல், ஸ்கேல் வச்சும் பார்த்துட்டேன். ஆனாலும் பின்பக்கம் பெருத்துத் தெரியுது. ராத்திரி சாப்பிட்டுட்டு 4பி பென்சில், ஏ4 பேப்பர்னு உக்காந்து பழகிட்டு இருக்கேன். எங்க பிடிச்சு எங்க போறதுன்னு தெரியலைங்க.

ஸ்க்ரைபர்:
ஃபோன்ல 3டி வியூ காட்டுங்க பாஸ். வேலை முடிஞ்சது.

ஜிக்_கோவை:
ஷாப்ஃப்ளோர்ல ஃபோன் அலவ் இல்லைங்க.

ஓவியடீச்சர்_கும்பகோணம்:
தம்பி, எட்ஜ் பேரலலா இருக்கிறதாலதான் பின்பக்கம் பெருத்துத் தெரியுது. தூரமாப் போறது சின்னதாகணும்னு கண்ணு எதிர்பார்க்கும். நீங்க முன்னாலயும் 5 செ.மீ., பின்னாலயும் 5 செ.மீ. போட்டா, "அவ்வளவு தள்ளி இருந்தும் இதே அளவு தெரியுதுன்னா நிஜத்துல இது இன்னும் பெருசு"ன்னு மூளை கணக்குப் போட்டுடும். ஐசோமெட்ரிக் அளவு எடுக்கிறதுக்கான படம். கண்ணு பார்க்கிற மாதிரி இருக்கணும்னு அதுகிட்ட எதிர்பார்க்காதீங்க. இன்ஜினியரிங் டிராயிங் படிச்சிட்டு மாடல் டிராயிங் ஹையர் கிரேடு (அரசு ஓவியத் தேர்வு) எழுத வர்ற பிள்ளைங்களுக்கு நான் முதல்ல உடைக்கிறது இந்தப் பழக்கத்தைத்தான்.

செட்ஸ்கொயரைப் பூட்டி வைங்க. ஒரு தீப்பெட்டியை மூணு பக்கமும் தெரியுற மாதிரி மேஜையில வைங்க. உங்களுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற மூலையைப் புள்ளியா வச்சு அதுலேருந்து மூணு கோடு போடுங்க. அந்த மூணு கோணமும் 90 டிகிரிக்கு மேல இருக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் பெட்டி நசுங்கினாப்பல ஆயிடும். அப்புறம் மீதி 9 விளிம்பையும் போடுங்க. மறைஞ்சிருக்கிறதையும்தான் சொல்றேன்.

போட்டு முடிச்சதும் சிவப்புப் பேனாவும் ஸ்கேலும் எடுங்க. (ஸ்கேலுக்கு வேலை இந்த இடத்துல மட்டும்தான்.) ஒவ்வொரு விளிம்பையும் உங்களை விட்டு விலகுற பக்கமா நீட்டுங்க. மொத்தம் 12 விளிம்பு, மூணு திசை, திசைக்கு நாலு. அந்த நாலும் தூரத்துல ஒரே புள்ளியைப் பார்த்து நெருங்கணும். உங்களுக்கு ரெண்டு விலகிப் போகும், இல்லைன்னா ரெண்டு மட்டும் அவசரமா முன்னாடியே வெட்டிக்கும். பின்னால மறைஞ்சிருக்கிற மூலையையும் பாருங்க, மூணு கோடும் அங்க ஒரே இடத்துல வந்து சேராது. எந்தத் திசை கெட்டுதுன்னு ஓரத்துல எழுதிட்டு அடுத்த பெட்டிக்குப் போங்க. அழிச்சுத் திருத்தினா அந்த ஒரு பெட்டிதான் சரியாகும், உங்க கை அப்படியேதான் இருக்கும்.

எவ்வளவு வேகமா நெருங்கணும்னு கேப்பீங்க. தீப்பெட்டியை மூக்குக்கிட்ட கொண்டுவந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்க, விளிம்பெல்லாம் சட்டுன்னு குவியும். கையை நீட்டிப் பிடிச்சா கிட்டத்தட்ட பேரலல். பொருள் ஒண்ணுதான், தூரம்தான் மாறுது. உங்க ஷாப்ல பெரிய மெஷினை ஒட்டி நின்னு பார்த்தாலும் இது தெரியும்.

கோடு நடுங்குறது மணிக்கட்டால வரையிறதால. ரெண்டு புள்ளி வைங்க. பேனா பேப்பரைத் தொடாம அந்தப் பாதையில கையை ஓட்டிப் பாருங்க, பிறகு ஒரே வீச்சு. புள்ளியைத் தாண்டிப் போனாப் போகட்டும், நடுவுல தயங்கக் கூடாது. உங்க ஊர்ல ஃபேப்ரிகேஷன் கடையில பிளேட்டு மேல சாக்பீஸால மார்க் போடுறவங்களைப் பாருங்க, அசைவு தோள்லேருந்து வரும்.

நீள்வட்டத்துல முனை கூராகுதுன்னா அங்க கையை நிறுத்தித் திருப்புறீங்கன்னு அர்த்தம். பேனாவை எடுக்காம அதே கோட்டு மேல ரெண்டு சுத்து போங்க. அதோட ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக் கண் மட்டத்துக்குத் தூக்குங்க, வாய் வெறும் கோடா இருக்கும். மெல்ல இறக்கினா திறந்துக்கிட்டே வரும். மேஜையில வச்சிட்டுப் பாருங்க, அடிவட்டம் வாயை விட இன்னும் அதிகமாத் திறந்திருக்கும். வாயை அழகா வளைச்சுட்டு அடியை நேர்கோடாப் போட்டு நீட்டுற பிள்ளைங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு.

ஜிக்_கோவை:
டீச்சர், ரொம்ப நன்றிங்க. சிவப்புக் கோடு போட்டுப் பார்த்தேன், உயரக் கோடுங்க நாலும் விலகித்தான் போகுது. ஒரு டவுட். ஆபீஸ்ல பழைய ஐசோமெட்ரிக் எலிப்ஸ் டெம்ப்ளேட் கிடக்கு. வட்டத்துக்கு அதை வச்சுப் பழகலாமுங்களா? எனக்கு ஷாஃப்ட் (உருளைத் தண்டு), ஃபிளாஞ்ச் (அதுல மாட்டுற வட்டத் தட்டு), அதுல போல்ட் ஹோல், இதுதான் அடிக்கடி தேவைப்படும்.

ஓவியடீச்சர்_கும்பகோணம்:
வேண்டாம். அந்த டெம்ப்ளேட்ல எல்லா ஓட்டையும் ஒரே சாய்வு, 35 டிகிரி 16 மினிட். வட்டம் மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் ஒரே அளவுதான் திறந்திருக்கும். டம்ளர்ல நீங்க பார்த்தது அது இல்லையே.

ஷாஃப்டுக்கு ஒரு விதி போதும்: முதல்ல சென்டர் லைனை (தண்டோட நடுவுல ஓடுற கோடு) போடுங்க, நீள்வட்டத்தோட சின்ன அச்சு அதன் மேலேயே படுக்கணும். பெரிய அச்சு அதுக்கு செங்குத்து. மாட்டுவண்டிச் சக்கரமானாலும் பைப்பானாலும் இதேதான். இது பிசகினா ஃபிளாஞ்ச் ஷாஃப்டுல கோணலா மாட்டினாப்பல இருக்கும், உங்க ஃபிட்டர் அண்ணன் உடனே கண்டுபிடிச்சிடுவார்.

போல்ட் ஹோலுக்கு முதல்ல ஒரு சதுரத்தை பெர்ஸ்பெக்டிவ்ல (தூரம் போகப் போகக் குறுகுற மாதிரி) போட்டு மூலைவிட்டம் ரெண்டையும் இழுங்க. வெட்டுற இடம்தான் வட்டத்தோட மையம். அது நீள்வட்டத்தோட மையம் ஆகாது. நீள்வட்டத்தோட மையம் உங்க பக்கமா கொஞ்சம் தள்ளி இருக்கும், ஏன்னா கிட்ட இருக்கிற பாதி பெருசாத் தெரியும். ஹோலையும் அந்த மூலைவிட்டத்து மேலேயே வைங்க. தூரத்து ஹோல் சின்னதா வரணும், மறந்துடாதீங்க.

நெளிகோடு:
டீச்சர் சொல்ற பெட்டியும் சிவப்புக் கோடும் ட்ரா-எ-பாக்ஸ் (Drawabox)ங்கிற, வரையக் கத்துக்கொடுக்கிற தளத்துலயும் இருக்கு, இலவசம்தான். அங்க 250 பெட்டி போடச் சொல்றாங்க. 0.5 மி.மீ. ஃபைன்லைனர் பேனா வாங்கிக்கோங்க, பென்சில் வச்சிருந்தா ரப்பரைத் தேடத்தான் கை போகும்.

ஓவியடீச்சர்_கும்பகோணம்:
பேனாங்கிறதுக்கு என் ஓட்டு. ஆனா ஃபைன்லைனருக்குக் காசு போட வேண்டாம் தம்பி. சட்டைப் பையில இருக்கிற பால்பேனா போதும், ஷாப்ல கடைசியில அதைத்தானே எடுப்பீங்க. பேப்பரும் ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து வீணானது போதும். 250-ஐ ஒரே வாரத்துல முடிக்கணும்னு மட்டும் கிளம்பாதீங்க. ஒரு உக்காருக்கு அஞ்சாறு பெட்டி போட்டு, அத்தனைக்கும் சிவப்புக் கோடு இழுத்துப் பார்த்தா அதுவே நிறைய.

ஜிக்_கோவை:
சரிங்க டீச்சர். ரெண்டு பக்கம் போட்டுட்டு போட்டோ எடுத்துப் போடறேன், பார்த்துச் சொல்லுங்க.

ஓவியடீச்சர்_கும்பகோணம்:
நேரா மேலேருந்து எடுங்க. சாய்ச்சு எடுத்து அனுப்பினா, குவியறது உங்க கோடா கேமராவான்னு என்னால சொல்ல முடியாது.