கறள் உள்ளிருந்து வரும்போது: பெட்டிச் செசி பற்றிய அனுபவங்கள்

கல்லடி, கராஜ் நடத்துபவர்:

கடற்கரைப் பக்கம் ஓடும் டபள் கெப், ஜீப் வகைகளைக் கொண்டுவருபவர்களில் பலர், வாகனத்தின் பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டமான செசியின் வெளிப்புறத்தைக் காட்டி, தார் அடித்தாயிற்று, இனிப் பயமில்லை என்பார்கள். பாசிக்குடாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பழைய ஹைலக்ஸின் செசியும் அப்படித்தான் கன்னங்கரேலென்று புதிதுபோலத் தோன்றியது. பின்சில்லுக்கு மேலே செசி வளைந்து ஏறும் இடத்தில் சிறு சுத்தியலால் தட்டியபோது, நல்ல இரும்பின் கணீரென்ற ஒலிக்குப் பதிலாக மந்தமான சத்தம் எழுந்தது. அடுத்த தட்டில் சுத்தியல் உள்ளே போய்விட்டது. அங்கே மிஞ்சியிருந்தது தாரின் தோல் மட்டுமே. உள்ளே ஈரமணலும், அடையடையாகப் பெயர்ந்த கறளும் நிரம்பிக் கிடந்தன.

பெட்டி வடிவச் செசியின் அடிப்பக்கத்தில் நீர் வடிவதற்கென்று துளைகள் விடப்பட்டிருக்கும். களப்போரத்துச் சேறும் கடல் மணலும் முதலில் அடைப்பது அவற்றைத்தான். அதன்பின் உள்ளே போன உப்புநீர் வெளியேறுவதில்லை. வெயிலில் காய்ந்துவிடும் என்று நினைப்பது தவறு. சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினாலே காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும். மட்டக்களப்பின் இரவுக் காற்றில் அவ்வளவு ஈரம் எப்போதும் உண்டு என்பதால், மழையே பெய்யாத மாதத்திலும் செசியின் உள்வயிறு நனைந்தே இருக்கிறது. இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று பற்றவைக்கப்பட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம்: கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிப்பதால் தகடுகளை நெம்பிப் பிரித்து, உப்புநீருக்கு மேலும் வழி திறந்துவிடுகிறது.

வாழைச்சேனை, மீன் ஏற்றும் கெப் உரிமையாளர்:

எங்கள் வாகனங்களுக்குக் கடற்காற்றைவிடப் பெரிய எதிரி, ரெஜிபோம் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர்தான். அது தட்டியின் இடுக்குகள் வழியாக நேரே செசிமேல் விழுகிறது. எங்கள் பகுதியில் பழைய எஞ்சின் ஒயிலைச் செசிக்குள் ஊற்றும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது, அது செலவில்லாதது என்பதே அதற்குக் காரணம். நானும் அதைச் செய்தவர்களின் வாகனங்களைப் பார்த்திருக்கிறேன். ஒயில் அடிப்பக்கமாக வழிந்து போய்விடுகிறது. மேல்தகடும் பக்கத்தகடும் வெறுமையாக நிற்கின்றன. போகிற வழியில் இறப்பர் புஷ்களும் ஊறி மெதுத்துப் போகின்றன. எரிப்பில் உண்டாகும் அமிலங்கள் அந்த ஒயிலில் கலந்திருக்கின்றன என்பதையும், அது கடைசியில் சொட்டுவது நம் கிணற்றடி மண்ணில்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செலவில்லாத வேலை என்று அதை என்னால் சொல்ல முடியவில்லை. இதற்குப் பதிலாக எதை இடலாம் என்று கல்லடி அண்ணன் சொன்னால் உதவியாக இருக்கும்.

சம்மாந்துறை, வான் வைத்திருப்பவர்:

ஜப்பானிலிருந்து வந்த வாகனம் என்றாலே அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும் என்று நம்மவர்கள் நம்புகிறார்கள். ஹொக்கைடோ போன்ற பனிப்பகுதிகளில் பனியைக் கரைக்க வீதிகளில் உப்பு வகைகளைத் தூவுவார்கள். அங்கே ஓடிய வாகனம் நம் கடலைக் காணுமுன்பே உப்பைச் சுமந்து வரக்கூடும். அமெரிக்காவின் பனிப்பகுதிகளில் டொயோட்டா டகோமா வாகனங்களின் செசிகள் அரித்துப்போனதால், 1995 முதல் 2000 வரையான மாதிரிகளுக்கு 2008 இல் அந்நிறுவனம் 15 ஆண்டுகால உத்தரவாதம் அறிவித்ததையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. கைப்பேசியில் பொருத்தும் பாம்புக் கமராவைச் செசித் துளைக்குள் விட்டுப் பார்க்காமல் நான் எந்த வாகனத்துக்கும் முற்பணம் கொடுப்பதில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களுக்கு ஏறிய விலையைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சிறு கமராவின் விலை பெரிதாகத் தோன்றாது.

கல்லடி, கராஜ் நடத்துபவர்:

வாழைச்சேனைத் தம்பி கேட்டதற்கு: செசியின் உட்புறத்துக்கென்றே விற்கப்படும் மெழுகுக் கலவை அல்லது செம்மறி ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கப்படும் லனோலின் கலந்த பூச்சு, இரண்டில் ஒன்றை இடலாம். இவை தார்போல இறுகி வெடிப்பதில்லை, இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும். முற்காலத்து விமானங்களின் உருக்குக் குழாய்ச் சட்டங்களுக்குள் சூடான ஆளிவிதை எண்ணெயை ஊற்றி வடித்ததும் இதே நோக்கத்துக்காகத்தான். ஆனால் எதை இடுகிறோம் என்பதைவிட, எந்த நிலையில் உள்ள செசிக்குள் இடுகிறோம் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. அடைபட்ட துளைகளைத் திறந்து, சுத்தியலால் தட்டிக் கறள் அடைகளை உதிர்த்து, வடியும் நீர் தெளிவாகும்வரை நல்ல தண்ணீரால் உட்புறத்தைக் கழுவ வேண்டும். பிறகு கொம்பிரசர் காற்றால் ஊதிவிட்டுச் சில நாட்கள் உலர விட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களே இதற்கு ஏற்ற காலம். வாடை தொடங்கியபின் அவசரமாகப் பூசுபவர்கள் உப்பையும் ஈரத்தையும் மெழுகுக்கு அடியில் பூட்டி வைக்கிறார்கள்.

வெல்டிங் வேலை இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். மெழுகோ ஒயிலோ உள்ள பெட்டிக்குள் பொறி விழுந்தால் தீப்பிடிக்கும். மேலும், வெளியே ஒட்டுப் போடும்போது உட்புறத்துப் பூச்சு எரிந்துபோவதால், புதிய கறள் அந்த ஒட்டின் முதுகில்தான் தொடங்குகிறது. பல டிங்கர் பாஸ்மார் இதைக் கவனிப்பதேயில்லை. மெழுகை, சுற்றிலும் தெளிக்கும் முனையுள்ள நீண்ட குழாயைச் செசியின் கடைசிவரை செலுத்தி, பின்னுக்கு இழுத்துக்கொண்டே தெளிக்க வேண்டும். ஒரு பக்கத்துத் துளையிலிருந்து மட்டும் அடித்துவிட்டு முடிந்தது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம், குறுக்குச் சட்டங்களையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். தெளித்தபின் சில நாட்களுக்கு வெயில் நேரத்தில் மெழுகு சொட்டும், அது இயல்பு. அது நின்றதும் ஒவ்வொரு வடிதுளையிலும் கம்பி விட்டுப் பார்த்து, மெழுகே அவற்றை அடைத்திருந்தால் மறுபடி திறந்துவிடுங்கள்.