போனில் நெட் வருகிறது, வீட்டு கம்ப்யூட்டரில் மட்டும் காலையில் எதுவும் திறக்கவில்லை (குடியாத்தம்)

லுங்கிக்கடைப் பையன், குடியாத்தம்

வணக்கம். போன மாதம் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கினோம். மோடத்திலிருந்து லேன் ஒயர் இழுத்து அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் சொருகியிருக்கிறது. விண்டோஸ் 10. அப்பா வெளியூருக்கு லுங்கி அனுப்புகிறவர், இ-வே பில் (சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) எல்லாம் இதில்தான்.

காலையில் காலேஜ் கிளம்புவதற்கு முன் நான் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் போட்டாலும் சிவப்பு எச்சரிக்கை. அதே வைஃபையில் போன் பறக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் கம்ப்யூட்டரும் ஒழுங்காக ஓடுகிறது! இணைப்பு கொடுத்தவர்களிடம் புகார் சொன்னேன். ஆள் வந்து ஒயரை மாற்றினார், லைட் எல்லாம் பச்சை என்றார், "உங்க சிஸ்டம்தான் கோளாறு, ஃபார்மட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவின் பத்து வருடக் கணக்கு உள்ளே இருக்கிறது. பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

காட்பாடி ஜங்ஷன்

தம்பி, ஃபார்மட் பக்கமே போகாதீங்க. மோடத்தை அணைத்துப் போட்டுப் பார்த்தாச்சா? அப்புறம் காலையில் பிரச்சினை இருக்கும்போதே கறுப்புத் திரையை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடியுங்கள், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரி தெரியும். 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் மோடம் உங்கள் கம்ப்யூட்டருக்கு முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். 192.168 என்று வந்தால் அதுவரை சரி. அடுத்து அங்கேயே 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) போட்டுப் பாருங்கள். பதில் வந்தால் டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றிப் பார்க்கலாம்.

லுங்கிக்கடைப் பையன்

அண்ணா, இன்று காலை பார்த்தேன். 192.168.1.5 வருகிறது. பிங் நாலுக்கு நாலு பதில். டிஎன்எஸ்ஸும் மாற்றினேன், அதே சிவப்புதான்.

வாலாஜா வெயில்

இதுக்கா இவ்வளவு? அந்தச் சிவப்புப் பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கி உள்ளே போயிடுங்க. நான் அப்படித்தான் போவேன்.

ஆற்காடு அக்கா

வாலாஜா சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், இது ஆபத்தான யோசனை. பேங்க், ஜிஎஸ்டி என்று பாஸ்வேர்டு போடுகிற இடத்தில் எச்சரிக்கையை மீறிப் போகும் பழக்கமே வேண்டாம். பல பேங்க் தளங்களில் அந்த வழியும் இருக்காது.

தம்பி, இணைப்பில் கோளாறு இல்லை என்பது பிங்கிலேயே தெரிந்துவிட்டது. சிவப்புப் பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது? அப்படியே எழுதுங்கள். டாஸ்க்பாரின் வலது மூலையில் என்ன தேதி காட்டுகிறது? கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஏதாவது பட்டன் அமுக்கச் சொல்கிறதா?

லுங்கிக்கடைப் பையன்

அக்கா, சின்ன எழுத்தில் 'செர்ட் டேட் இன்வேலிட்' என்று இருக்கிறது. மேலேயே 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறது. இத்தனை நாள் படிக்காமலே மூடியிருக்கிறேன்.

மூலையில் 1 ஜனவரி 2009.

ஆன் செய்தால் எஃப்1 அமுக்கச் சொல்லும். ரெண்டு வருடமாக அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். அது எல்லா கம்ப்யூட்டரிலும் வரும் என்று நினைத்தேன்.

ஆற்காடு அக்கா

அகப்பட்டுவிட்டது. ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டும். அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் 2009-இல் உட்கார்ந்துகொண்டு இந்த வருடத்துச் சான்றிதழைப் பார்க்கிறது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. போன் டவரிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கிறது, அதனால் தப்பித்தது.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்து ரெண்டு வருடம் ஆகிவிட்டது, எஃப்1 கேட்பது அதனால்தான். ஒன்று மட்டும் இடிக்கிறது. பிளக்கில் கரண்ட் இருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கடிகாரம் ஓடும். ராத்திரி யாராவது மெயின் சுவிட்சை அணைக்கிறார்களா? சாயங்காலம் தேதி எப்படிச் சரியாகிறது?

லுங்கிக்கடைப் பையன்

அம்மா அணைப்பாங்க! பக்கத்து வீட்டு டிவி இடியில் போனதிலிருந்து படுக்கப் போகும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவாங்க. அம்மா பேரணாம்பட்டில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்த ரெண்டு நாள் காலையிலும் நெட் நன்றாக ஓடியது, இப்போதுதான் உறைக்கிறது.

அப்பாவிடம் கேட்டேன். பத்து மணிக்கு உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தேதியைத் திருத்துவாராம், இல்லாவிட்டால் பில்லில் 2009 விழுமாம். "பழைய மெஷின்டா, தினமும் சாவி கொடுக்கணும்" என்றார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா, நெட் இருக்கும்போது விண்டோஸ் தானாகவே நேரத்தைத் திருத்திக்கொள்ளாதா?

ஆற்காடு அக்கா

கொஞ்சம் தவறியிருந்தால் திருத்தும். வழக்கமான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது கை வைக்காது. உங்களுக்கு வித்தியாசம் வருடக் கணக்கில்.

பேட்டரியை நீங்களே மாற்றலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கொக்கியைத் தள்ளினால் பேட்டரி எகிறி வரும். புதியதில் எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கட்டும். பயாஸ் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை புரோகிராம்) அமைப்பு அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அது தினமும்தானே அழிகிறது. பிறகு பயாஸில் தேதி, நேரம் வைத்துச் சேமியுங்கள். விண்டோஸில் நேர மண்டலம் 5:30, சென்னை என்று இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள், 14 அக்டோபர் 2025-ஓடு முடிந்தது. அதனால் அப்பா கணக்கை ஒரு பென்டிரைவிலாவது நகல் எடுத்து வையுங்கள். இது அவசரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

நான் மோடத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன். தம்பி, கடையில் 'மதர்போர்டு செல்' என்று கேளுங்கள், வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

லுங்கிக்கடைப் பையன்

முந்தாநாளே வாங்கப் போனேன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, நான் போன கடை பூட்டிக் கிடந்தது, ஊரே கூட்டத்தில் இருந்தது. நேற்று வாட்ச் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். பழையதை அங்கேயே மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், 1.1 வோல்ட். ராத்திரி அம்மா வழக்கம்போல சுவிட்சை அணைத்தாங்க, நான் தடுக்கவில்லை. விடிந்ததும் ஆன் செய்தேன். எஃப்1 கேட்கவில்லை, தேதி சரி, எல்லாப் பக்கமும் திறக்கிறது. நகலும் எடுத்தாச்சு அக்கா.

அப்பா மட்டும் பத்து மணிக்கு உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் தேதியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருடா மாத்தினது?" என்று கேட்டார்.